ரெண்டு டிகிரி ஷானன்

உங்க க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்த கூகுள் ஃபார்ம் வந்திருக்கும். மைனர் டிகிரி எடுக்க விருப்பமா, ஹானர்ஸா, எந்தத் துறை, கடைசித் தேதி என்ன. ஃபார்ம் வந்த அஞ்சாவது நிமிஷம் ஹாஸ்டல் ரூமில் பஞ்சாயத்து ஆரம்பிச்சிருக்கும். சிவில்காரன் டேட்டா சயின்ஸ் எடுக்கலாமா? ஈசிஇ படிக்கிறவங்களுக்கு மேனேஜ்மென்ட் மைனர் எதுக்கு? கம்பெனிக்காரன் இதையெல்லாம் பார்ப்பானா, மாட்டானா?

ஏஐசிடிஇ விதிப்படி மைனருக்கு 18 முதல் 20 கிரெடிட் வரை கூடுதலாகப் படிக்கணும். அதாவது அத்தனை சனிக்கிழமைகள், அத்தனை இன்டர்னல் தேர்வுகள். இது போதாதுன்னு, 2022-லிருந்து ஒரே நேரத்தில் ரெண்டு முழு டிகிரி படிக்கவே யுஜிசி அனுமதி கொடுத்திருக்கு. மெக்கானிக்கல் படித்துக்கொண்டே ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸும் படிக்கிற ஆள் உங்க பெஞ்சிலேயே இருக்கலாம்.

எடுக்கலாமா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை. கிட்டத்தட்ட 90 வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு டிகிரி வாங்கின ஒருத்தரோட கதையை மட்டும் சொல்றேன். பேர் கிளாட் ஷானன். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் தியரி என்று ரெண்டு பேப்பரில் அவரால்தான் நமக்கு அரியர் விழுது. அந்த உரிமையில் கேளுங்க.

முடிவெடுக்க முடியாத பையன்

ஷானன் பிறந்தது 1916 ஏப்ரல் 30-ல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். வளர்ந்தது கேலார்ட் என்ற சின்ன ஊரில். அப்பா வியாபாரி, கொஞ்ச காலம் நீதிபதியாகவும் இருந்தவர். அம்மா மொழி ஆசிரியை. அதே ஊர் உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். அக்கா கேத்தரின் கணக்கில் புலி. தம்பிக்கு கணக்கு மேல ஆசை வந்ததில் அக்காவுக்குப் பங்கு உண்டு.

பையனுக்கு ஸ்க்ரூ டிரைவர் மேலும் ஆசை. அரை மைல் தள்ளியிருந்த நண்பன் வீட்டுக்கு ஒரு தந்தி இணைப்பு போட்டான். கம்பி வாங்கக் காசு ஏது? வழியில் இருந்த முள்வேலியையே கம்பியாகப் பயன்படுத்திக்கொண்டான். அவனுடைய ஹீரோ தாமஸ் எடிசன். எடிசன் தனக்குத் தூரத்துச் சொந்தம் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

1932-ல், 16 வயதில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை நசுக்கிக்கொண்டிருந்த நேரம். கல்லூரியில் இருக்கும்போதே, 1934-ல், அப்பா இறந்துபோனார். அதே வருஷம் அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி என்ற கணித இதழில் ஒரு புதிருக்கு அவர் அனுப்பிய விடை அச்சில் வந்தது. ஒரு பக்கம் எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் லேப், இன்னொரு பக்கம் கணக்கு.

1936-ல் வெளியே வரும்போது கையில் ரெண்டு இளநிலைப் பட்டம் இருந்தது: ஒன்று எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங், இன்னொன்று கணிதம். இதில் ஏதோ பெரிய திட்டம் இருந்ததாக நினைக்காதீங்க. எது தனக்கு அதிகம் பிடிக்கும் என்று முடிவெடுக்க முடியவில்லை, அதனால் ரெண்டையும் எடுத்தேன் என்பதுதான் பின்னாளில் அவரே கொடுத்த விளக்கம். கேரியர் பிளான் கிடையாது, லிங்க்ட்இன் கிடையாது. வெறும் குழப்பம்தான். உங்களுக்கும் குழப்பமாக இருந்தால் கவலைப்படாதீங்க, நல்ல கம்பெனிதான்.

இன்னொரு சின்ன விஷயம் நடந்தது. தத்துவத் துறையில் ஒரு லாஜிக் பாடத்தையும் அவர் படித்தார். அதில் ஜார்ஜ் பூல் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வருகிறார். உண்மை, பொய் என்ற ரெண்டே மதிப்புகளை வைத்துக்கொண்டு மனிதச் சிந்தனையையே அல்ஜீப்ரா மாதிரி எழுதலாம் என்று 1854-ல் புத்தகம் போட்டவர். 80 வருஷமாக அந்த அல்ஜீப்ராவைத் தத்துவக்காரர்களும் சில கணிதக்காரர்களும் வைத்துக்கொண்டிருந்தார்கள். மின்சார வேலை செய்கிறவர்கள் அதைத் தொடவில்லை. எலக்ட்ரிக்கல் சிலபஸில் அது எதற்கு வரப்போகிறது? இந்தப் பாடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

நோட்டீஸ் போர்டும் நூறு ரிலேயும்

படிப்பு முடிகிற நேரத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பைப் பார்த்தார். எம்ஐடியில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை. பாதி நேரம் வேலை, பாதி நேரம் முதுநிலைப் படிப்பு. வன்னெவர் புஷ் என்ற பேராசிரியர் கட்டிய டிஃபரன்ஷியல் அனலைசர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. ஷானன் விண்ணப்பித்தார், கிடைத்தது.

அந்த இயந்திரம் ஒரு ரூமையே அடைத்துக்கொண்டு நிற்கும். தண்டுகள், பற்சக்கரங்கள், சுழலும் தட்டுகள். டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனை நாம் பேப்பரில் போட்டுத் திணறுவோம். இது சக்கரத்தைச் சுற்றியே விடை கண்டுபிடிக்கும். அதைக் கட்டுப்படுத்த சுமார் நூறு ரிலே கொண்ட ஒரு மின்சுற்று இருந்தது.

ரிலே தெரியும்தானே? ஒரு கம்பிச்சுருளில் மின்சாரம் போனால் அது காந்தமாகி ஒரு கான்டாக்ட்டை இழுக்கும். சுற்று மூடும் அல்லது திறக்கும். ஒரு ரிலே எளிது. நூறு ரிலே ஒன்றையொன்று இயக்கினால் தலை சுற்றும். அன்றைக்கு இந்தச் சுற்றுகளை வடிவமைக்க ஒழுங்கான முறை எதுவும் பரவலாகக் கிடையாது. அனுபவஸ்தர்கள் படம் போட்டு, வயர் மாட்டி, வேலை செய்யுதான்னு பார்த்து, இல்லைன்னா மாற்றுவார்கள். ஒரு வகையில் கைத்தொழில்தான். 1937 கோடையில் ஷானன் பெல் ஆய்வகத்தில் வேலைக்குப் போனார். அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இதே ரிலேக்கள் இன்னும் பெரிய காடாக நின்றன.

இங்கேதான் பொறி தட்டியது. கான்டாக்ட்டுக்கு ரெண்டே நிலை: மூடியது, திறந்தது. பூலுக்கும் ரெண்டே மதிப்பு: உண்மை, பொய். ரெண்டு கான்டாக்ட் தொடராக இருந்தால் ரெண்டும் மூடினால்தான் மின்சாரம் போகும், அது 'மற்றும்'. இணையாக இருந்தால் ஏதாவது ஒன்று மூடினால் போதும், அது 'அல்லது'. அப்படியானால் மின்சுற்றை ஒரு சமன்பாடாக எழுதலாம். எழுதிவிட்டால் சுருக்கலாம்.

ஒரு உதாரணம். ஒரு பாதையில் ஏ என்ற கான்டாக்ட். அதற்கு இணையான இன்னொரு பாதையில் ஏ, பி ரெண்டும் தொடராக. மொத்தம் மூணு கான்டாக்ட். பூலின் விதிப்படி ஏ அல்லது (ஏ மற்றும் பி) என்பது வெறும் ஏ. அதாவது ஒரே கான்டாக்ட் போதும், ரெண்டைக் கழற்றி வீசிடலாம். நீங்க மூணாவது செமஸ்டரில் கே-மேப் போட்டு வட்டம் வட்டமா சுத்தினது எல்லாம் இதோட வாரிசுதான்.

இதைத்தான் ஷானன் தன் முதுநிலை ஆய்வேட்டில் எழுதினார். 1937-ல் சமர்ப்பித்தபோது அவருக்கு வயது 21. கடைசியில் செய்துகாட்ட வைத்த உதாரணங்களில் ஒரு மின்சாரப் பூட்டு உண்டு, பைனரி எண்களைக் கூட்டும் ஒரு சுற்றும் உண்டு. அடர் அவுட்புட் தப்பா வந்து லேப்பில் முழிச்சிருக்கீங்களே, அதன் தாத்தா அந்தப் பக்கங்களில் இருக்கிறார். ஒரு வேடிக்கை: அவர் மூடிய சுற்றுக்கு 0 என்றும் திறந்த சுற்றுக்கு 1 என்றும் வைத்திருந்தார். நாம் படிப்பது தலைகீழ். இன்றைய தேர்வில் அவர் எழுதினால் ஸ்டெப் மார்க்தான் கிடைக்கும்.

அந்த யோசனை அவர் ஒருத்தருக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானில் என்இசி நிறுவனத்தின் பொறியாளர் அகிரா நாகாஷிமாவும், சோவியத் நாட்டில் விக்டர் ஷெஸ்டகோவும் அதே காலகட்டத்தில் தனித்தனியாக இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். ரிலே சுற்றையும் அல்ஜீப்ராவையும் ஒரே தலைக்குள் வைத்திருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. ஒன்று மட்டும் தெரிந்தவர்களுக்கு 80 வருஷமாகத் தெரியவில்லை.

யாரும் பேசாத ரெண்டாவது கலவை

இதுவரை சொன்னது பல இடங்களில் நீங்க படிச்சிருக்கலாம். இனிமேல் வருவதைத்தான் மைனர் எடுக்கும் முன் படிக்கணும்.

ஆய்வேடு பெயர் வாங்கியதும் புஷ் அவரைக் கணிதத் துறையில் பிஎச்டி செய்யச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. மின்சுற்றுக்கு அல்ஜீப்ரா கண்டுபிடித்த பையன் மரபியலுக்கும் ஒன்று கண்டுபிடிக்கட்டுமே என்று யோசனை சொன்னார். 1939 கோடையில் ஷானன் நியூயார்க் பக்கத்தில் இருக்கும் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வு மையத்துக்குப் போனார். பார்பரா பர்க்ஸ் என்ற மரபியலாளரின் வழிகாட்டுதல். போகும்போது மரபியலின் கலைச்சொற்கள்கூட அவருக்குத் தெரியாது.

ஆனால் வேகமாகப் பிடித்துக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக மரபணுக்கள் எப்படிக் கலக்கும் என்பதைக் குறியீடுகளால் எழுதும் ஒரு முறையை உருவாக்கினார். 1940-ல் பிஎச்டி கிடைத்தது. எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் முதுநிலைப் பட்டமும் அதே வருஷம்தான் கைக்கு வந்தது. மறுபடியும் ரெண்டு துறை, ரெண்டு பட்டம், ஒரே வருஷம்.

அந்த பிஎச்டி ஆய்வேடு என்ன ஆச்சு தெரியுமா? ஒன்றும் ஆகவில்லை. அவர் அதை இதழ் எதிலும் வெளியிடவில்லை. மரபியல் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அவருடைய தொகுப்பு நூல் 1993-ல் வரும்வரை, 50 வருஷத்துக்கு மேல், அது அச்சேறவே இல்லை. அதை வைத்து மரபியல் எங்கும் நகரவில்லை.

ஒரே ஆள். ஒரே மூளை. ரெண்டு தடவையும் ஒரு துறையின் அல்ஜீப்ராவை இன்னொரு துறைக்குள் கொண்டுபோனார். ஒன்று உலகத்தை மாற்றியது, இன்னொன்று அலமாரியில் தூங்கியது. ஏன்?

எனக்குத் தோன்றுவது இதுதான். ரிலே விஷயத்தில் அவர் அந்தப் பிரச்சினைக்கு உள்ளேயே இருந்தார். அந்தச் சுற்றைப் பராமரிப்பது அவருடைய தினசரி வேலை. எங்கே வலிக்கிறது என்று கைக்குத் தெரியும். மேலும், பெல் ஆய்வகத்தில் ஒரு பெரும் படையே அந்த விடைக்காகக் காத்திருந்தது. மரபியலில் அவர் ஒரு விருந்தாளி. கருவியைத் தூக்கிக்கொண்டு போய், அதற்கு ஏற்ற வேலையைத் தேடினார். வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டார். விருந்தாளி கொண்டுவந்த சாமானை அந்த வீட்டில் யாரும் பயன்படுத்தவில்லை.

ரெண்டு பக்கமும் அடி

1941-ல் பெல் ஆய்வகத்தில் நிரந்தரமாகச் சேர்ந்தார். போர்க்காலம். விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிபார்க்க வைப்பது, ரகசியக் குறியீடுகள் என்று வேலை. 1943-ல் இங்கிலாந்திலிருந்து ஆலன் டூரிங் அங்கே வந்திருந்தபோது, ரெண்டு பேரும் கேன்டீனில் டீ நேரத்தில் பேசிக்கொள்வார்களாம். ரகசிய வேலையைப் பற்றிப் பேச அனுமதி இல்லை, அதனால் யோசிக்கும் இயந்திரங்களைப் பற்றிப் பேசினார்கள்.

ராத்திரி நேரங்களில் வீட்டில் உட்கார்ந்து தனக்காக ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார். அது 1948-ல் பெல் ஆய்வகத்தின் தொழில்நுட்ப இதழில், ஜூலையிலும் அக்டோபரிலும், ரெண்டு பகுதியாக வந்தது. தலைப்பில் கணிதமும் இருக்கும், தகவல் தொடர்பும் இருக்கும்.

அன்றைய பொறியாளர்கள் நம்பியது இது: லைனில் இரைச்சல் இருந்தால் பிழை வரும். பிழை குறையணும்னா சிக்னலின் பவரைக் கூட்டு, அல்லது சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி மெதுவாக அனுப்பு. பிழையை ஏறத்தாழ பூஜ்யமாக்கணும்னா வேகமும் பூஜ்யத்துக்குப் போகும். ஷானன் இல்லை என்று நிரூபித்தார். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. பேண்ட்விட்த்தும் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் அதைத் தீர்மானிக்கும். அந்த அளவுக்குள் அனுப்பினால், சரியான கோடிங் மூலம் பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். தாண்டினால் முடியாது. பிட் என்ற சொல் அச்சில் வந்ததும் இந்தக் கட்டுரையில்தான்; சொல்லைக் கொடுத்தது ஜான் டூக்கி என்று ஷானன் அதிலேயே நன்றி சொல்லியிருக்கிறார்.

ரெண்டு துறை தெரிந்தவரை ரெண்டு துறையும் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீங்க. அப்படி நடக்கவில்லை. பொறியாளர்கள் பலருக்கு அது ரொம்பக் கணக்காக இருந்தது. அந்தக் கோடிங்கை எப்படிச் செய்வது என்று அதில் இல்லை, முடியும் என்ற நிரூபணம் மட்டும்தான் இருந்தது. கணிதக்காரர்களுக்கோ அது போதுமான கணக்காக இல்லை. ஜோசப் டூப் என்ற பெரிய நிகழ்தகவு அறிஞர் 1949-ல் எழுதிய மதிப்புரையில், ஆசிரியரின் கணித நோக்கம் நேர்மையானதுதானா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குத்தினார். நிரூபணங்களின் ஓட்டைகளைப் பின்னால் வந்தவர்கள் அடைத்தார்கள், தேற்றங்கள் அசையவில்லை. ஆனால் இதைத் தெரிஞ்சுக்கோங்க: ரெண்டு துறைக்கு நடுவில் நிற்கிறவனுக்கு ரெண்டு வீட்டிலும் சாப்பாடு கிடைக்கும் என்பது உத்தரவாதம் இல்லை. சில வருஷம் ரெண்டு வீட்டிலும் திட்டுதான் கிடைக்கும்.

கோடிங் வரக் காலம் பிடித்தது. எம்ஐடியில் ராபர்ட் காலகர் 1960-களில் எல்டிபிசி கோடுகளைக் கொண்டுவந்தார். அவற்றைச் செயல்படுத்தும் அளவுக்கு அன்று கணினிகள் இல்லை. இன்று உங்க 5ஜி போனில் டேட்டா வருவதே எல்டிபிசி கோடிங் மூலம்தான், ஷானன் போட்ட எல்லைக்கோட்டுக்கு மிக அருகில்.

எல்லாரும் ஏறிய வண்டி

1950-களில் தகவல் கோட்பாடு ஃபேஷன் ஆனது. உளவியல், உயிரியல், பொருளாதாரம் என்று எல்லா இடத்திலும் என்ட்ரோபி, தகவல், இரைச்சல் என்று எழுத ஆரம்பித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் காலரைத் தூக்கிவிட்டிருப்பார்கள். ஷானன் 1956-ல் ஒரே ஒரு பக்கத்தில் ஒரு எச்சரிக்கை எழுதினார். சொற்களை மட்டும் இன்னொரு துறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் போதாது, அங்கே சோதனை செய்து, பொறுமையாக உழைத்து நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தன்னுடைய கடைக்கு வந்த கூட்டத்தைத் தானே குறைக்கப் பார்த்த மனுஷன்.

மரபியல் ஆய்வேடு அப்போது அவர் நினைவில் இருந்ததா, தெரியாது. ஆனால் கருவியோடு விருந்துக்குப் போன அனுபவம் அவருக்கே இருந்தது.

அதே 1956-ல் எம்ஐடிக்குத் திரும்பி, பேராசிரியரானபோதும் எலக்ட்ரிக்கல், கணிதம் ரெண்டு துறையிலும் இடம். மீதி நேரத்தில் விளையாட்டு. மனைவி பெட்டியும் கணிதக்காரர், பெல் ஆய்வகத்தில் சந்தித்தவர். 1950-ல் 25 கட்டம் கொண்ட புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடித்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் தீசியஸ் என்ற எலியைச் செய்தபோது, வயரிங்கில் பெட்டியும் கை கொடுத்தார். எலிக்குள் ஒரு காந்தம்தான்; மூளை முழுக்கத் தரைக்கு அடியில், ரிலேக்களாக. ஒற்றைச் சக்கர சைக்கிளில் வராண்டாவில் போவது, பந்து பிடித்து வித்தை காட்டுவது, பிறகு அந்தப் பந்து வித்தைக்கே ஒரு சமன்பாடு எழுதுவது என்று போனது வாழ்க்கை.

கடைசி வருஷங்களில் அல்சைமர் நோய். தன் கோட்பாட்டின் மேல் ஒரு இணைய உலகமே எழுந்து நின்றபோது அவருக்கு அது தெரியாமல் போனது. 2001 பிப்ரவரி 24-ல் இறந்தார். உங்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை.

திரும்ப அந்த ஃபார்ம்

சரி, ஃபார்முக்கு வருவோம். ஷானன் ரெண்டு டிகிரி வாங்கினார், அதனால் நீங்களும் வாங்குங்க என்று முடித்தால் அது பொய். எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்த பூல் அல்ஜீப்ரா அந்த ரெண்டு டிகிரியின் வேலையாக வரவில்லை. தத்துவத் துறையின் ஒரு பாடத்தில் இருந்தது. ரெண்டு டிகிரியும் செய்தது, நூறு ரிலேக்கு முன்னால் நின்றபோது அதை அடையாளம் காண வைத்ததுதான்.

அதனால் மைனர் எடுக்கிறதா இருந்தா ஒரு கேள்வி கேளுங்க. உங்க மெயின் பிரான்ச்சில் உங்களைக் கடுப்பேற்றுகிற ஒரு பிரச்சினையைச் சொல்ல முடியுமா? கான்கிரீட் விரிசலோ, மோட்டார் சூடோ, ஏதோ ஒன்று. அதற்கு இந்த மைனர் உதவும் என்று தோன்றினால் 18 கிரெடிட் வீண் இல்லை. ரெஸ்யூமேயில் ஒரு வரி என்பது மட்டும் காரணம்னா, நீங்க அங்கே விருந்தாளிதான். போய்ட்டு வாங்க, தப்பில்லை, ஆனா எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோங்க.

மைனர் எடுக்க முடியலையா, சிஜிபிஏ இடிக்குதா? அதுக்கும் அழ வேண்டாம். ஓப்பன் எலெக்டிவ் லிஸ்ட் எல்லாருக்கும் வரும். நாம எப்படித் தேர்ந்தெடுப்போம்? எந்த சார் தாராளமா மார்க் போடுவார், எந்த பேப்பர் போன வருஷம் ஆல் பாஸ், அவ்ளோதான். நானும் போன செமஸ்டர் அப்படித்தான் எடுத்தேன். என்ன படித்தேன் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. லாஜிக் மாதிரி ஒரு பேப்பர் அந்த லிஸ்டில் இருந்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை.

இந்த முறை லிஸ்ட் வந்தால் கடைசி வரை ஒரு தடவை படிச்சுப் பார்க்கணும்.